எஸ்டேட்டா, தோட்டமா, லாடாங்கா? ஓர் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் வைக்கும் வழிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்று ஆண்டு மலர் கொண்டுவருகிறது. அதற்காக முன்னாள் மாணவர் ஒருவர் நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். இப்போது கோலாலம்பூரில் வழக்கறிஞராக இருக்கிறார், எழுதியது ஆங்கிலத்தில். அதைத் தமிழாக்கித் தரும்படி தலைமையாசிரியை என்னிடம் கொண்டுவந்தார். உட்காருவதற்கு முன்பே கேட்டார்: "ஐயா, எஸ்டேட் என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. எல்லா இடத்திலும் தோட்டம் என்று போட்டுவிடலாமா? இல்லை, எஸ்டேட் என்றே விட்டுவிடலாமா?"

இதே கேள்வியை வேறு வேறு வடிவத்தில் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ் அச்சடிப்பவர், தாத்தாவின் பழைய சம்பளச் சீட்டைப் பேரப்பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதி வைக்க நினைப்பவர், நில அலுவலகப் பாரத்தை (படிவத்தை) அம்மாவுக்கு விளக்க வேண்டிய மகள் என்று பலர். அகராதியைத் திறந்தால் எல்லாச் சொற்களும் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு நிற்கும். எதை எங்கே எடுப்பது என்பதை அது சொல்லாது. எனவே ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்க்கலாம்.

## முதலில் அளவுகோல்

நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். சொல்லைக் கேட்டவுடன் நம் ஊர்க்காரர் மனத்தில் எது எழுகிறது? அதிலிருந்து வேறு சொற்கள் இயல்பாகக் கிளைக்குமா? சட்டம், பணம், முகவரி என்று வரும்போது யாரையாவது தவறான வழியில் அனுப்பிவிடுமா? கடைசியாக, அந்த இடத்தில் வாழ்ந்தவர் அந்தச் சொல்லைத் தம்முடையது என்று எடுத்துக்கொள்வாரா?

நான்காவது கேள்விக்கு நான் கூடுதல் எடை கொடுக்கிறேன். காரணத்தைத் 'தோட்டம்' என்ற பகுதியில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு கட்டுரைக்குள் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் வர வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். கலைச்சொல்லுக்கு அது சரி. எஸ்டேட் கலைச்சொல் அன்று. ரப்பர் காடும் அதுதான், வரிசை வீடுகள் நிற்கும் குடியிருப்பும் அதுதான், தொழிற்சாலைகள் கூடும் இடமும் அதுதான், செத்தவர் விட்டுப்போன சொத்தும் அதுதான். நான்கையும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடைத்தால் வாசகர் நான்கில் மூன்றைத் தவறாகப் படிப்பார்.

## ரப்பரும் செம்பனையும் நிற்கும் இடம்

### எஸ்டேட்

மொழிபெயர்க்காமலே விட்டுவிடுவது. இதில் குறை காண்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. எஸ்டேட்டு மேனேஜர், எஸ்டேட்டு ஆஸ்பத்திரி என்று நம் பெரியவர்கள் நூறு ஆண்டாகச் சொல்லியிருக்கிறார்கள். எஸ்டேட்டில், எஸ்டேட்டுக்கு, எஸ்டேட்டிலிருந்து என்று வேற்றுமை உருபுகளும் தடையில்லாமல் ஒட்டுகின்றன.

இதன் பலம் பழைய ஆவணங்களில் தெரியும். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊருக்கு அருகே எல்பில் எஸ்டேட் உள்ளிட்ட இரண்டு இடங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. இந்தச் செய்தியைத் தமிழில் எழுதும்போது முதல் தடவை 'எல்பில் எஸ்டேட்' என்றே எழுதுவேன். ஆவணக் காப்பகத்தில் தேடப்போகும் இளைஞருக்குப் பெயர் அந்த வடிவத்தில்தான் கிடைக்கும். அடுத்த வரியிலிருந்து தோட்டம் என்று போகலாம்.

மறைந்திருக்கும் செலவு, நம் எழுத்து நாட்டுக்கு வெளியே போகும்போது தெரிகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு எஸ்டேட் என்றால் மலைமேல் தேயிலை, பங்களா, அதில் ஒரு பணக்காரக் குடும்பம். அதைவிட முன்னால் ரியல் எஸ்டேட் வந்து நிற்கும். மனை வாங்கி விற்கும் தொழில். 'என் தாத்தா எஸ்டேட்டில் இருந்தார்' என்று நாம் எழுதினால், மதுரையில் படிப்பவர் தாத்தாவைப் பெரிய நிலச்சுவான்தாராக நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. தாத்தாவோ தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் வாளி சுமந்தவர்.

### தோட்டம்

இந்தச் சொல்லைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தம் மர வரிசையான நிரைக்குப் போவார். மரப்பட்டையில் ஒட்டிக் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை உரித்து இடுப்புப் பைக்குள் போட்டுவிட்டு, கத்தியை வைத்து ஒரே இழுப்பில் மெல்லிய சீவல் எடுப்பார். பால் கசிந்து மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சொட்டத் தொடங்கும்போது அவர் அடுத்த மரத்தில் இருப்பார். இந்த இடத்தை அவர் ஒருநாளும் தோட்டம் என்று சொன்னதில்லை. 'காட்டுக்குப் போகிறேன்', 'வேலைக்காட்டில் மழை' என்றுதான் சொல்வார். தோட்டம் என்றால் அவருக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பிள்ளைகள், மாரியம்மன் கோயில், பள்ளி, கடை, திருவிழாவுக்கு வரும் உறவு. பினாங்கில் இருந்த சித்திக்கு எழுதச் சொன்ன கடிதங்களில் 'தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வந்துவிடு' என்றுதான் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன்.

மரம் நிற்கும் இடம் காடு, மனிதர் வாழும் இடம் தோட்டம். ஆங்கிலச் சொல் நிலத்தை ஒருவருடைய உடைமையாகப் பார்க்கிறது. கம்பெனி வாங்கும், விற்கும். தோட்டம் என்று நம்மவர் சொன்னது ஊரை. அதனால்தான் கம்பெனி கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டு, அதையும் அழித்து வீடு கட்டிய பிறகும், 'நீங்கள் எந்தத் தோட்டம்?' என்று கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் அங்கே ஒரு மரமும் மிச்சமில்லை என்று தெரியும்.

கிளைக்கும் வலிமையில் இதற்கு இணை கிடையாது. தோட்டத் தொழிலாளர், தோட்டப்புறம், தோட்டப்பள்ளி, தோட்டத்து மக்கள், தோட்டத் துண்டாடல். 1954-இல் தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து அமைத்த சங்கத்துக்குத் தமிழில் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் என்றுதான் பெயர். அதன் ஆங்கிலப் பெயரில் எஸ்டேட் என்ற சொல்லே இல்லை. பயிர்த்தொழிலைக் குறிக்கும் பிளாண்டேஷன் என்ற வேறொரு சொல் இருக்கிறது. இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் நம்மவர் ஒரே சொல்லை வைத்தார்கள், யாருக்கும் குழப்பம் வரவில்லை.

'துண்டாடல்' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதைத் தடுக்கத்தான். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி (மலாயா டாலர்) கட்டிப் பங்கு சேர்த்தார்கள். முதலில் வாங்கியது கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம் தோட்டம். இந்த வரலாற்றை 'எஸ்டேட் பிரிப்பு' என்று எழுதிப் பாருங்கள். பத்திரம் பதிவது போல இருக்கிறது. 'துண்டாடல்' என்றால் வெட்டு தெரிகிறது.

சரி, செலவு என்ன? தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் கத்தரிக்காய் போடும் இடமும்தான். 'தோட்டக்காரர்' என்று எழுதினால் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் என்றாகிவிடும். 'தோட்டத் தொழிலாளர்' என்று முழுதாக எழுத வேண்டும். மலேசியாவை அறியாத வாசகருக்கு எழுதும்போது முதல் இடத்தில் 'ரப்பர்த் தோட்டம்' என்றோ 'செம்பனைத் தோட்டம்' என்றோ பயிரைச் சேர்த்துவிட்டால் போதும். பிறகு தோட்டம் என்பதே நிற்கும்.

### பெருந்தோட்டம்

இலங்கை அரசுத் தமிழில் ஊன்றிய சொல். அங்கே பெருந்தோட்டங்களுக்கென்று அமைச்சே உண்டு. நம் பேச்சில் கிடையாது. 'நான் பெருந்தோட்டத்தில் பிறந்தேன்' என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனாலும் ஓரிடத்தில் இது தவிர்க்க முடியாதது. மலேசியப் புள்ளிவிவரங்களில் எஸ்டேட் என்பதற்கு வரையறை உண்டு: 100 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 40 ஹெக்டர், அல்லது அதற்கு மேல். அதற்குக் கீழே இருப்பவை சிறுதோட்டங்கள். ரப்பர் உற்பத்தி, நிலப்பரப்பு, விலை என்று எழுதும் கட்டுரையில் வெறும் தோட்டம் என்று போட்டால் இரண்டும் கலந்துவிடும். அங்கே பெருந்தோட்டம், சிறுதோட்டம் என்று எதிரெதிராக வைப்பதே நேர்மை. பொருளாதாரப் பாடநூல் எழுதுபவர் இதைத் தயங்காமல் எடுக்கலாம். குடும்ப வரலாறு எழுதுபவர் தொட வேண்டாம்.

### லாடாங்

சாலைப் பலகையிலும் பள்ளிப் பெயரிலும் அரசுப் பாரத்திலும் இருப்பது இந்த மலாய்ச் சொல். இளையவர்கள் 'லாடாங் பள்ளி' என்று பேசவும் கேட்கிறேன். மலாயில் இதன் பழைய பொருள் காட்டை வெட்டி எரித்து மலைநெல் போடும் நிலம். பெருங்கம்பெனிகளின் ரப்பர்க் காட்டுக்கு அது பின்னால் நீட்டப்பட்டது. தோட்டம் என்ற நம் சொல் விரிந்த மாதிரியேதான்.

முகவரியிலும் பாரத்திலும் லாடாங் என்பதை மாற்றாதீர்கள். பாரத்தில் 'லாடாங்' என்றிருக்க, விளக்கக் குறிப்பில் 'தோட்டம்' என்று மட்டும் இருந்தால், நிரப்பும் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதானா என்ற சந்தேகம் வரும். கட்டுரைக்குள் மட்டும் இது ஒத்துவராது. லாடாங்கிலிருந்து தமிழில் எதுவும் கிளைப்பதில்லை. நாட்டுக்கு வெளியே ஒருவருக்கும் புரியாது.

'பண்ணை' என்றும் ஒருவர் கேட்டார். கோழிப்பண்ணை, தஞ்சாவூர்ப் பண்ணையார். இரண்டுமே நம் இடம் இல்லை. வேண்டாம்.

| சொல் | கேட்டவுடன் எழுவது | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| எஸ்டேட் | கம்பெனி, துரை, அலுவலகம் | தமிழ்நாட்டில் மனைத்தொழில் என்றாகும் | பழைய ஆவணம், கம்பெனிப் பெயர் |
| தோட்டம் | ஊர், லயம், கோயில் | வீட்டுத் தோட்டத்தோடு கலக்கலாம் | வரலாறு, நினைவு, அழைப்பிதழ், செய்தி |
| பெருந்தோட்டம் | பாடப்புத்தகம் | பேச்சில் உயிர் இல்லை | புள்ளிவிவரம், பொருளாதாரம் |
| லாடாங் | பெயர்ப்பலகை, பாரம் | கிளைக்காது; வெளிநாட்டில் புரியாது | முகவரி, அரசுப் பாரம் |

## வரிசை வீடுகள் நிற்கும் இடம்

வீடுகள் கூட்டமாகக் கட்டிய இடத்தையும் ஆங்கிலம் எஸ்டேட் என்கிறது. இங்கே நம் மக்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்: தாமான். மலாயில் தாமான் என்றால் பூங்கா, தோட்டம். ஆக, தோட்டத்திலிருந்து வெளியேறி மலிவு விலை வீட்டுக்குப் போன குடும்பம், பெயரளவில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத்தான் போயிருக்கிறது. முதலாவதில் வாசலில் முருங்கையும் பின்னால் ஆட்டுக் கொட்டகையும் இருந்தன. இரண்டாவதில் இரண்டு சுவருக்கு நடுவே ஒரு சிமெண்டுத் திட்டு. இதை மொழிபெயர்ப்பாளர் மறந்துவிடக் கூடாது. தாமானைத் தமிழாக்குகிறேன் என்று 'தோட்டம்' என்றோ 'பூங்கா' என்றோ எழுதினால், அந்த இடமாற்றமே பக்கத்திலிருந்து அழிந்துபோகும்.

குறிப்பிட்ட இடத்தின் பெயரென்றால் தாமான் என்றே வையுங்கள். தபால்காரருக்கும் அதுதான் தெரியும். பொதுவாகச் சொல்லும்போது வீடமைப்புப் பகுதி அல்லது குடியிருப்புப் பகுதி. சிங்கப்பூர்த் தமிழில் பேட்டை என்கிறார்கள். அழகான பழந்தமிழ்ச் சொல். அங்கே அடுக்குமாடி வட்டாரங்களுக்கு நன்றாக ஊன்றிவிட்டது. சிங்கப்பூர் வாசகருக்கு எழுதினால் அதையே எடுப்பேன்.

தொழிற்சாலைகள் கூடிய இடத்துக்குத் தொழிற்பேட்டை. சென்னைக் கிண்டியில் 1958-இல் அமைத்ததைத் தமிழ்நாடு அப்படித்தான் அழைக்கிறது. எங்கள் காதுக்கும் அந்நியமாகப் படவில்லை. இதில் யோசிக்க எதுவும் இல்லை.

## செத்தவர் விட்டுப்போன சொத்து

தவறு செய்தால் பணமும் காலமும் போகும் இடம் இது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பாட்டி ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். தாத்தா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வீடு தாத்தாவின் பெயரில் இருந்தது. உதவி மையம் ஒன்றில் யாரோ ஆங்கில விளக்கத்தைத் தமிழாக்கி அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் 'சிறு தோட்டங்கள் (பகிர்வு) சட்டம்' என்றிருந்தது. 'எங்களிடம் தோட்டம் ஏது ஐயா? இது நமக்கில்லை என்று அலமாரியில் வைத்துவிட்டேன்' என்றார். தாள் நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. சிறுதோட்டம் என்றால் நம் நாட்டில் 100 ஏக்கருக்குக் குறைந்த ரப்பர் நிலம் என்றும் பொருள்படும் என்பதால், அவர் படித்ததில் ஒரு தவறும் இல்லை. எழுதியவர்தான் அகராதியின் முதல் சொல்லை எடுத்து வைத்துவிட்டார்.

மலாயில் இதற்கு ஹர்த்தா புசாக்கா என்று தனிச்சொல் உண்டு. அதில் குழப்பத்துக்கே இடமில்லை. தமிழில் என் முன் இருந்தவை மூன்று.

மரபுரிமைச் சொத்து: கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாட்டன் முப்பாட்டன் வழியாக வந்த பூர்வீகச் சொத்து என்ற நினைப்பை எழுப்புகிறது. தாத்தா தம் சேமநிதிப் பணத்தில் வாங்கிய வீடும், சேமிப்புக் கணக்கும், மோட்டார் சைக்கிளும் இதில் சேரும் என்று பலருக்குத் தோன்றாது.

ஆதனம்: இலங்கைச் சட்டத் தமிழ். துல்லியமானது. சுங்கை சிப்புட்டில் இதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

காலமானவர் விட்டுச்சென்ற சொத்து: நீளமானது, தலைப்பில் அடங்காது. ஆயினும் பாட்டிக்கு ஒரே தடவையில் புரிந்தது. கடனும் இதில் அடங்கும் என்பதை அடுத்த வரியில் சேர்த்துவிட வேண்டும். பங்கு பிரிப்பதற்கு முன் அதைத்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

பொதுமக்கள் கையில் போகும் தாள் என்றால் மூன்றாவதுதான். பக்கத்தில் மலாய்ச் சொல்லையும் தமிழ் எழுத்தில் போடுங்கள். முகப்பிடத்தில் அவர் அந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். வழக்கறிஞர்கள் தமக்குள் படிக்கும் கட்டுரையில் மரபுரிமைச் சொத்து என்று சுருக்கிக்கொள்ளலாம். அவர்களுக்குப் பொருள் ஏற்கெனவே தெரியும்.

## அந்த ஏழு இடங்கள்

தலைமையாசிரியையின் தாளுக்கு வருகிறேன். முதல் இடம், பள்ளி தொடங்கிய கதை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அதனால்தான் இத்தனை தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்துப் பெயரைச் சுமக்கின்றன. அங்கே தோட்டம். இரண்டாவது, விற்பனை. அதற்கும் தோட்டம், கம்பெனியின் முழுப்பெயர் வரும் இடத்தில் மட்டும் எஸ்டேட். மூன்றாவது, மக்கள் கலைந்துபோனது. அதுவும் தோட்டம். நான்காவதில் அவர்கள் குடிபோன தாமான். ஐந்தாவதில் பிள்ளைகளின் பெற்றோர் இப்போது வேலை செய்யும் தொழிற்பேட்டை. ஆறாவது, பள்ளியின் புதுக் கட்டடத்துக்குப் பணம் வந்த வழி: காலமான குத்தகைக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து.

"பள்ளி இப்போது தாமானுக்குள் இருக்கிறது. பெயரில் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று வைத்திருப்பது சரியா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள்" என்றார் தலைமையாசிரியை. மலரில் மாற்ற வேண்டாம் என்றேன். அந்தத் தோட்டத்தின் பெயர் எழுத்தில் மிஞ்சியிருப்பது அந்தப் பலகையில் மட்டும்தான்.

ஏழாவது இடம் கட்டுரையின் கடைசி வாக்கியம். ஆங்கிலத்தில் நான்கே சொல். தாம் ஓர் எஸ்டேட்டுப் பையன் என்று எழுதியிருந்தார். 'நான் தோட்டத்துப் பிள்ளை' என்று தமிழாக்கினேன். அச்சுப்படியைப் பார்வைக்கு அனுப்பினோம். நான்கு பக்கத்திலும் ஒரே ஒரு திருத்தத்தோடு திரும்பி வந்தது. 'பிள்ளை' என்பதை நீல மையால் அடித்துவிட்டு, ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகியவரின் கோணல்மாணலான தமிழ்க் கையெழுத்தில் 'பையன்' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் சிறிதாக, 'அம்மா அப்படித்தான் சொல்வார்.'